ஏழாவது மந்திரியின் படம்

"யம்மா! நம்ம ஜோசுவா சாருக்கு ஊர்லேர்ந்து ஆளு வந்திருக்கு!"

செங்கம் ரோட்டிலிருந்து சந்துக்குள் ஜட்காவைத் திருப்பும்போதே வேடியப்பன் கூவினான். முற்றத்தில் பழைய புடவையை விரித்து வடகம் பிழிந்துகொண்டிருந்த ஜோதியம்மாள் மாவுக் கையோடு எழுந்து வந்தாள். வண்டிக்குள் கோட்டும் டையும் போட்ட கறுத்த இளைஞன் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். பழுப்புத் தாள் சுற்றிய தட்டையான ஏதோ ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"பஸ் ஸ்டாண்டுல திருதிருன்னு முழிச்சினு நின்னாரு. நம்ம சாரு மாதிரியே முடி, நம்ம சாரு மாதிரியே உயரம். தம்பியா இருக்கும்னு ஏத்தினு வந்துட்டேன். சொந்தக்காரங்கள சேத்து வெக்கறது புண்ணியம். காசு கூட வேணாம்னுட்டேன்."

ஜோதியம்மாளுக்கு மனம் நிறைந்துவிட்டது. அவள் வீட்டுப் பின்னறையில் ஜோசுவா குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை அவரைத் தேடி ஒரு ஈ காக்காய்கூட வந்ததில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட அவர் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுவார். ஊரிலிருந்து ஆள் வந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? சொந்த ஊர்க்காரனைக் கண்டு ஒரு மனிதன் நடுங்கக்கூடும் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, வேடியப்பனுக்கும் தோன்றவில்லை.

"சார், யாரு வந்திருக்காங்க பாருங்க!" என்று அவளே கூப்பிட்டாள்.

ஜோசுவா வேட்டியைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். இளைஞனைப் பார்த்தார். அவன் மார்போடு பிடித்திருந்த பொருளைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் முகத்தில் சாம்பல் பூத்ததுபோல் ஆயிற்று. பின்பக்கமாகக் கையை நீட்டி நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

வேடியப்பன் எதையும் கவனிக்கவில்லை. குதிரையைத் தட்டிக்கொடுத்து, "பேசுங்க, பேசுங்க. நான் சாயங்காலம் வரேன்," என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஜோசுவாவின் தேசத்துக்குப் பெயர் மலுண்டா. அது ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது என்பதற்கு மேல் ஜோதியம்மாளுக்குத் தெரியாது. ஆனால் அந்த நாட்டு வெளியுறவு இலாகாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு இந்த ஜில்லாவில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. சாயங்காலங்களில் அவள் பூக்கட்டும்போது ஜோசுவா எதிரில் உட்கார்ந்து சொல்லுவார். அவளிடமும் வேடியப்பனிடமும் கற்றுக்கொண்ட தமிழில்தான் சொல்லுவார்.

நாடு சுதந்திரம் அடைந்தபோது அந்த இலாகாவுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. பஞ்சு வியாபாரி ஒருவர் விட்டுப்போன பங்களாவில் தொடங்கினார்கள். எங்கே உட்கார்ந்தாலும் உடுப்பில் பஞ்சு ஒட்டுமாம். முதல் மந்திரி ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வீட்டிலிருந்து தன் நாற்காலியைத் தானே சுமந்துகொண்டு வந்தவர். ஒரு வருஷம் முடிந்ததும் ஊழியர்களுக்கு நன்றி சொல்லத் தன் படத்தின் அடியில் கையெழுத்திட்டு மாடிப்படிச் சுவரில் மாட்டினார். அதுவே வழக்கமாகிவிட்டது. பதவி ஏற்கிற ஒவ்வொரு மந்திரியும் முதலில் தன் படத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகுதான் படம் சுவரில் ஏறும். கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது. சடங்குகளைக் கவனிக்கிற அதிகாரி ஜோசுவா. எனவே ஆணி அடிப்பதும் அவர்தான், படத்தைக் கழற்றுவதும் அவர்தான்.

"வாத்தியார் ஒருத்தர்தாம்மா கட்டில்ல படுத்து செத்தாரு," என்பார். "மத்தவங்க யாரும் அப்படிப் போகல."

இரண்டாமவர் வக்கீல். மாநாட்டுக்கு வெளிநாடு போயிருந்தபோது பட்டாளத்துக்காரர் ஒருவர் ஆட்சியைப் பிடித்து ஜனாதிபதி ஆகிவிட்டார். வக்கீல் திரும்பவே இல்லை. எங்கோ பனி பெய்கிற ஊரில் டாக்ஸி ஓட்டுவதாகக் கேள்வி. மூன்றாமவரைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள். அவருடைய கார் மட்டும் ஏரிக்கரையில் கிடைத்தது. அடுத்து ஒரு பெண் டாக்டர். வெளிநாட்டுத் தூதுக்குழுவிடம் பொய் சொல்ல மாட்டேன் என்றார். அவர் எந்தச் சிறையில் இருக்கிறார், இருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியாது. ஐந்தாமவர் ஜனாதிபதி எதைச் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறவர். ஒரு நாள் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்துவிட்டார். படத்தைக் கழற்று என்று ஜோசுவாவுக்கு டெலிபோன் வந்தபோது அந்த மனிதர் மாடியில் தன் அறையில்தான் இருந்தார். டீ கேட்டு மணி அடித்துக்கொண்டிருந்தார்.

அதைச் சொன்ன அன்று ஜோதியம்மாள் பூக்கட்டுவதை நிறுத்திவிட்டாள். "அடப்பாவமே. அப்பறம்?"

"அப்பறம் சுவத்துல ஆணிங்க ஜாஸ்தி ஆயிடுச்சு, படம் கம்மி ஆயிடுச்சு," என்றார் ஜோசுவா. "அடுத்து எம் பேரைப் பேசறாங்கன்னு காதுல விழுந்துது. எல்லை தாண்டி வந்துட்டேன். எம் பொண்டாட்டி மிரியத்துக்கிட்ட கூட சொல்லல. சொன்னா அவளைப் புடிச்சி கேப்பாங்க."

முன்பு ஒரு காலத்தில் டெல்லித் தூதரகத்தில் வேலை பார்த்தபோது இங்கே அண்ணாமலை அடிவாரத்து ஆசிரமத்தில் இரண்டு நாள் தங்கிப் போனவர் அவர். உலகத்தில் ஒளிந்துகொள்ள ஓர் இடம் என்று யோசித்தபோது இந்த மலைதான் நினைவுக்கு வந்ததாம்.

அந்த ஜோசுவாதான் இப்போது நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வந்தவன் பெயர் மத்தியாஸ். அவன் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஜோதியம்மாளுக்கு விளங்கவில்லை. ஆனால் வந்த பிள்ளையின் உதடு காய்ந்து வெடித்திருந்தது அவளுக்குத் தெரிந்தது.

"எதுவா இருந்தாலும் சாப்பிட்டுட்டுப் பேசுங்க," என்று இலை போட்டாள்.

மத்தியாஸ் கையால் சாப்பிடத் தெரிந்தவனாக இருந்தான். முதல் கவளத்தை எடுத்தவன் வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே குனிந்து பார்த்தாள். அவன் கண்ணீர் இலையில் சொட்டிக்கொண்டிருந்தது. இவனைப் பார்த்து ஜோசுவா பயப்படுகிறார் என்று நினைத்தோமே, இவன் அவரைவிட அரண்டு போயிருக்கிறானே என்று அவளுக்குத் தோன்றியது.

"சாப்பிடுப்பா. யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. சாப்பிடு," என்று அவன் முதுகைத் தடவினாள். அவனுக்கு மொழி புரியவில்லை. ஆனால் சாப்பிட்டான். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கை கழுவிய பிறகு அவன் பழுப்புத் தாளைப் பிரித்தான்.

"சாமி படமா?" என்றாள் ஜோதியம்மாள்.

ஜோசுவாவின் படம். கண்ணாடி போட்டு, கனமான மரச்சட்டம் அடித்திருந்தது. இரண்டு மூன்று வயது இளமையாக, கோட்டுப் போட்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வெள்ளை விளிம்பில், கண்ணாடி மறைக்காத இடத்தில், கையெழுத்துக்காக ஒரு கோடு வெறுமையாக இருந்தது.

அவள் ஜோசுவாவை நிமிர்ந்து பார்த்தாள். "சார்... இது அந்தச் சுவத்துக்கா?"

"ஆமாம்மா. நான் ஓடி வந்தப்புறம் ஆறாவதா வந்தவரும் போய்ட்டாரு. நான்தான் ஏழாவது மந்திரி." ஜோசுவா தரையைப் பார்த்தபடி பேசினார். "இந்தப் பையனுக்கு வேலை கத்துக் குடுத்ததே நான்தான். நான் எங்க போயிருப்பேன்னு அவனுக்குத்தான் தெரியும்னு அவனை அனுப்பியிருக்காங்க. தனியா வரல. கூட ஒரு கர்னல். பெரிய தெருவுல லாட்ஜுல உக்காந்திருக்காரு. நான் கையெழுத்துப் போட்டா மரியாதையா கூட்டினு போவாங்க. போடலன்னா ஊசி போட்டு, நோயாளின்னு சொல்லித் தூக்கினு போவாங்க. இவன் வெறுங்கையோட போனா இவன் ரெண்டு குழந்தைங்க..."

"போலீசுக்குச் சொல்லலாமே சார்."

"என் பாஸ்போர்ட் காலாவதி ஆயிடுச்சும்மா. போலீஸ் என்னைத் தூதரகத்துக்கிட்டதான் ஒப்படைப்பாங்க."

முற்றத்தில் வடகத்தைக் காக்காய் கொத்தியது. விரட்ட அவள் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஜோசுவா மத்தியாஸின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டார். மத்தியாஸ் முகத்தை மூடிக்கொண்டான்.

"சார், இன்னா பண்றீங்க?"

"அவன் குழந்தைங்களை நான் தூக்கி வெச்சிருக்கேன்மா. நான் போனா எனக்கு உசுரோட ஒரு வருஷம் கெடைக்கும். ஒண்ணரை வருஷம் கூட கெடைக்கலாம்."

ஜோதியம்மாளுக்கு வந்தது கோபமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. "போடுங்க, போடுங்க. கையெழுத்தைப் போட்டு என் கையில குடுங்க. அதோ அவரு படத்துக்குப் பக்கத்துலயே மாட்டி, பொட்டு வெச்சு மாலையும் போட்டுடறேன். எல்லாம் ஒண்ணுதானே!" என்று சுவரைக் காட்டிக் கத்தினாள்.

சுவரில் அவள் புருஷன் அருணகிரியின் படம் இருந்தது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் மகள் மைசூரிலிருந்து வாங்கி வந்த சந்தன மாலை, அடியில் சின்ன விளக்கு.

ஜோசுவா பேனாவைக் கீழே வைத்தார். அருணகிரியின் படத்தை வெகுநேரம் பார்த்தார். தங்கள் மொழியில் மத்தியாஸிடம் வேகமாக ஏதோ கேட்டார். அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"அம்மா," என்றார் ஜோசுவா. "நெஜமாவே மாலை போடறீங்களா?"

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. செத்துப்போனவனை யாரும் மந்திரி ஆக்க முடியாது. செத்துப்போனவனைக் கூட்டிவரவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது. ஜோசுவா இரண்டு மாசத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துவிட்டார், இந்த ஊர் வழக்கப்படி எரித்துவிட்டார்கள், வீட்டுக்கார அம்மாளிடம் அவர் படம்கூட இல்லை, நான் கொண்டுவந்த படத்தைப் பார்த்ததும் வாங்கி மாலை போட்டு அழுகிறாள் என்று மத்தியாஸ் சொல்லிவிடுவான்.

"ஐயோ, வேணாம் சார்." அவள் பின்வாங்கினாள். "நான் வாய் தவறி சொன்னது. உசுரோட இருக்கறவங்க படத்துக்கு மாலை போட்டா ஆகாது. அது நடந்துடும். எனக்குப் பொய் சொல்லவும் வராது."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். மத்தியாஸ் சொல்லுவான்."

"மிரியத்துக்கு?"

ஜோசுவா மடியிலிருந்த படத்தைக் கவிழ்த்தார்.

"உங்க பொண்டாட்டிக்கும் அதையேதானே சொல்லுவாங்க? என் கையால ஒருத்தி தாலியை அறுக்கச் சொல்றீங்களா சார்?"

அவள் அந்தச் செய்தி வருகிற நாளை அறிந்தவள். அருணகிரி லாரியில் அடிபட்டார் என்று சொல்ல வந்த ஆட்கள் வாசலில் செருப்பைக் கழற்றிய விதம் இன்றைக்கும் அவள் கண்ணில் இருக்கிறது. எங்கோ ஏரிக்கரையில் ஒரு பெண், அடுப்பில் ஏதாவது வைத்திருப்பாள். வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள்.

ஜோதியம்மாள் மலைப்பக்கம் திரும்பினாள். ஜன்னல் வழியாக அண்ணாமலை தெரிந்தது. வெயிலில் பாறையெல்லாம் வெளுத்திருந்தது. அவள் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

பிறகு மத்தியாஸுக்கு முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினாள். "இதுல அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க சார். ஊருக்கெல்லாம் என்ன வேணாலும் சொல்லட்டும். அந்தப் பொண்ணுகிட்ட மட்டும், தனியா, காதோட காதா, உம் புருஷன் உசுரோட இருக்காருன்னு இவரே போய் சொல்லணும்."

ஜோசுவா மொழிபெயர்த்தார். மத்தியாஸ் உடனே கையைத் தூக்கவில்லை. அப்படிச் சொன்னது தெரிந்தால் அவன் தலை போய்விடும். அது அவன் முகத்திலேயே தெரிந்தது. பல் கிட்டியதுபோல் உட்கார்ந்திருந்தான். ஜோதியம்மாளின் கை நீட்டியபடியே இருந்தது. நகக்கண்ணில் மாவு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த கை. சற்று முன்னால் அவனுக்குச் சோறு போட்ட கை. அவன் அதன்மேல் தன் கையை மெல்ல அடித்தான். அடித்த கையை உடனே எடுக்கவும் இல்லை.

படத்தை மாட்டினார்கள். குங்குமம் வைக்கும்போது பொட்டு நெற்றியில் கோணலாக விழுந்தது. மாலைக்கு எங்கே போவது? அருணகிரியின் கழுத்திலிருந்து சந்தன மாலையைக் கழற்றினாள். "கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு ஜோசுவாவின் படத்துக்குப் போட்டாள். போட்டதும் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்துபோயிற்று. ஜோசுவா பக்கத்தில் நின்று தன் படத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் சந்தில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது.

ஜோசுவா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வந்தது வேடியப்பனின் வண்டிதான். உள்ளே கர்னல் இருந்தார். மத்தியாஸை ஏற்றிப்போன வண்டியை அவர் தூரத்திலிருந்து பார்த்து வைத்திருக்க வேண்டும். கனத்த மனிதர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. இறங்கியதும் வீட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றவில்லை.

மத்தியாஸ் விறைத்து நின்று பேசினான். ஜோதியம்மாளுக்கு அவன் குரல் மட்டுமே கேட்டது. கர்னல் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை நெற்றியில் தொடங்கி மாவுக் கையில் வந்து நின்றது. அவள் அழுதாள். நடிக்கத் தெரியாதவள் அவள். உயிரோடிருக்கும் மனிதனுக்கு மாலை போட்டுவிட்டேனே, இந்தப் பாவம் அவரைப் பிடிக்குமே என்ற பயத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். அதைவிட உண்மையான அழுகை அந்த வீட்டில் அருணகிரிக்குப் பிறகு கேட்டதில்லை.

கர்னலுக்குப் பின்னால் எட்டிப்பார்த்த வேடியப்பன் படத்தைக் கண்டான்.

"ஐயோ சாரே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "காலையில கூட குதிரைக்கு வெல்லம் குடுத்தீங்களே சார்! இப்பத்தானே உசுரோட வுட்டுட்டுப் போனேன்!"

கர்னல் வேடியப்பனைச் சுட்டி மத்தியாஸிடம் ஏதோ கேட்டார். மத்தியாஸுக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் தயங்காமல் பதில் சொன்னான். என்ன சொன்னானோ, கர்னல் தலையை ஆட்டினார்.

பிறகு கர்னல் நடக்கத் தொடங்கினார். பின்னறைக்குள் போனார். கொடியில் காய்ந்த வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். அடுக்களைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

ஜோதியம்மாள் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. வாசலுக்கு வந்தவருக்கு இன்னும் தண்ணீர் கொடுக்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தோன்றியது. கூடத்துப் பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு இரண்டு கையாலும் ஏந்தி அவர் எதிரில் நீட்டினாள். தண்ணீர் அவர் பூட்ஸில் சிந்தியது. கர்னல் சொம்பைப் பார்த்தார். வாங்கினார். அண்ணாந்து முழுவதையும் குடித்தார். குடித்து முடித்ததும் கதவைத் திறக்காமல் திரும்பிவிட்டார்.

படத்துக்கு முன்னால் போய் நின்றார். கையெழுத்து இல்லாத கோட்டைக் கட்டைவிரலால் தடவினார். சட்டென்று படத்தை ஆணியிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மேலிடத்தில் காட்ட அத்தாட்சி வேண்டும்போலும்.

அவள் கை தானாக நீண்டது. படத்துக்காக அல்ல, அருணகிரியின் மாலைக்காக. கர்னல் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். மாலையை மெதுவாகக் கழற்றி, அறுந்துவிடாமல் சுருட்டி, அவள் கையில் வைத்தார். அந்த மனிதருக்கு அப்படியும் ஒரு கை இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

வண்டி போய்விட்டது. மத்தியாஸ் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் நல்லது என்று அவளுக்குத் தெரிந்தது.

"முதல்ல தலைக்கு ஊத்துங்க சார்," என்றாள் ஜோசுவாவிடம். அவர் குளித்து வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். இருட்டுவதற்கு முன் ரோஜா மாலை ஒன்றோடு அழுதுகொண்டே வந்த வேடியப்பன், கூடத்தில் உட்கார்ந்திருந்த ஜோசுவாவைப் பார்த்து வாசற்படியிலேயே விழுந்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் வேறு விதமாக அழுதான்.

"நான்தான சார் ஏத்தினு வந்தேன். நல்லது பண்றோம்னு நெனச்சேனே."

"நல்லதுதாம்பா பண்ணே. நீ வந்து அழலன்னா அந்த ஆளு நம்பியிருக்க மாட்டாரு," என்றாள் ஜோதியம்மாள். "இனிமே வாயத் தொறக்காத. அது போதும்."

"தொறந்தா கேளுங்க. அந்தக் குதிரை மேல சத்தியம்," என்றான் வேடியப்பன்.

சாப்பிட உட்கார்ந்த ஜோசுவா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். "கர்னல் போன் பண்ணா டெல்லியிலிருந்து இன்னிக்கே தந்தி போகும்மா," என்றார். "நாளைக்கு மிரியத்துக்கிட்ட சொல்லிடுவாங்க. மத்தியாஸ் ஊருக்குப் போய்ச் சேர நாளாகும். அதுவரைக்கும்..."

மத்தியாஸ் போய்ச் சேர்ந்தாலும் சொல்வானா? பயந்துபோய்ச் சொல்லாமல் இருந்துவிட்டால்? அவர் அதைக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"மிரியம் ஊரு எந்தப் பக்கம் சார்?" என்று மட்டும் கேட்டாள். அவர் செங்கம் போகிற திசையைக் காட்டினார்.

பாத்திரங்களை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சாம்பலைத் தொட்டுக் குண்டானைத் தேய்க்கத் தொடங்கியவள், மேற்கே பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அழாதம்மா. நாளைக்கு யாரோ வந்து என்னமோ சொல்லுவாங்க. நம்பாத. உம் புருஷன் இங்கதான் இருக்காரு. இப்பத்தான் ரசம் ஊத்தி சாப்பிட்டாரு."

ரோட்டில் ஒரு காரின் சத்தம் கேட்டது. அவள் கை நின்றது. சத்தம் நெருங்கி, சந்து முனையைத் தாண்டி, செங்கம் பக்கமாகப் போயிற்று. அது முழுவதும் அடங்குகிறவரை குண்டானைப் பிடித்தபடியே காத்திருந்தாள்.

"ரெண்டு வாய்தான் சாப்பிட்டாரு," என்றாள் மறுபடியும். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் சாப்பிட வெக்கறேன்."